துணைப்பட்டை

"கட்டிக்கறது யாருங்க?" என்று டாக்டர் நஸ்ரின் கேட்டபோது அறை நிறைய ஆட்கள் இருந்தார்கள். கேட்டு முடித்ததும் ஒருவர் சாத்துக்குடிப் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளக் குனிந்தார். இன்னொருவருக்கு அப்போது பார்த்து போன் வந்தது.

"நான் கட்டிக்கறேன்," என்றான் யுகேந்திரன்.

"நீங்க இவங்களுக்கு?"

"மகனுங்க. வண்டிய ஓட்டுனதும் நாந்தான்."

கட்டிலில் கிடந்த வசந்தாமணி தலையை மட்டும் திருப்பினாள். "அவன் மேல தப்பில்லீங்க. வேகத்தடைக்கு... வெள்ளையே அடிக்கல. நாந்தான்... ஒருச்சாஞ்சு உக்காந்திருந்தேன்."

"நீ பேசாத வசந்தா, பேசப் பேசத்தான் நோவும்," என்றாள் மயிலாத்தாள். வசந்தாமணிக்கு உடன்பிறந்த அக்கா. யுகேந்திரனுக்குப் பெரியம்மா. ஈரோட்டில் யாருக்கு என்ன ஆனாலும் முதலில் வந்து கடைசியில் போகிறவள்.

வசந்தாமணி விழுந்த இடத்தில் ஸ்கூட்டரும் அவள் மேலேயே விழுந்திருந்தது. வலப் பக்கம் ஐந்து விலா எலும்பு முறிந்திருந்தது.

"முதுகுல ஊசி போட்டு மரத்துப்போக வெப்பாங்கன்னு படிச்சேனே டாக்டர்," என்று கேட்டாள் தாரணி, யுகேந்திரனின் மனைவி.

"சாதாரணமா அதத்தான் செய்வோம். முதுகெலும்புக்குப் பக்கத்துல, நரம்பு விலாவுக்குத் திரும்பற எடத்துல மருந்த விட்டா அந்தப் பக்கத்து நெஞ்சு முழுசும் மரத்துடும். ஆனா உங்க அத்தை இருதய வால்வுக்காக ரத்தம் இளக்கற மாத்திரை சாப்பிடறாங்க. ஊசி போன எடத்துல ரத்தம் உள்ளயே கசிஞ்சா கால் விளங்காமப் போயிடும்னு எனக்குப் பயம். மயக்கமா வெக்கற மருந்து குடுத்தா மூச்சு இன்னும் கொறையும்."

"எங்க காலத்துல பல்லக் கடிச்சுட்டுப் பொறுத்துக்குவோமுங்க," என்றார் சாத்துக்குடிக்காரர், கட்டிலுக்கடியிலிருந்து நிமிர்ந்து.

"பல்லக் கடிச்சா மூச்ச இழுக்க மாட்டாங்க ஐயா. இரும மாட்டாங்க. சளி அடியில தங்கிக் காய்ச்சல் வந்துடும். விலா ஒடஞ்சதுனால செத்தவங்க கம்மி. ஒடஞ்ச விலாவுக்குப் பயந்து மூச்ச அடக்கிக்கிட்டுச் செத்தவங்கதான் அதிகம்."

அவர் மறுபடி சாத்துக்குடிப் பைக்குக் குனிந்தார்.

டாக்டர் மேசையிலிருந்து இரண்டு பட்டைகளை எடுத்துக் காட்டினார். பார்வைக்கு இடுப்புப் பிடிப்புக்குக் கட்டுகிற பெல்ட் மாதிரிதான் இருந்தன. புழக்கத்துக்கு வந்து இரண்டு மூன்று வருடம்தான் ஆகியிருந்தது என்றாலும் துணைப்பட்டை என்ற பெயர் எல்லார் வாயிலும் பழகியிருந்தது.

"ஒண்ணு அம்மாவுக்கு, ஒண்ணு உங்களுக்கு. அம்மாவோட பட்டை ஊசியில்லாம விலா நரம்புல போற சேதியப் பிடிச்சுக்கும். பிடிச்சத எங்கயாவது கொண்டுபோய் விடணும். கரண்டுக்கு எர்த் வேணுங்கற மாதிரி இதுக்கு உயிருள்ள இன்னொரு ஒடம்பு வேணும். வலி உங்களுக்கு வரும். வலி மட்டுந்தான். உங்க எலும்புக்கோ நெஞ்சுக்கோ ஒண்ணும் ஆகாது. கழட்டுனா போயிடும்."

"பூரா வலியுமாங்க?"

"பூராவும்."

டாக்டர், முனையில் பொத்தான் வைத்த ஒரு சிறு பிடியை வசந்தாமணியின் உள்ளங்கையில் வைத்தார். "அம்மா, நோயாளி சம்மதம் இல்லாம வலி அடுத்தவங்களுக்குப் போகக் கூடாதுன்னு சட்டம். அதனால பொத்தான் உங்க கையில. ஒருதரம் அமுக்கினா போகும், இன்னொருதரம் அமுக்கினா நிக்கும். உங்க மகன் தயார்னு சொன்னதும் அமுக்குங்க. பட்டையில எரியற பச்சை விளக்கு, கட்டியிருக்குன்னு காட்டறதுக்கு மட்டுந்தான்."

மயிலாத்தாளுக்கு முந்தானை கண்ணுக்குப் போய்விட்டது. "எனக்கும் ஒரு புள்ள இருக்கறான் பாருங்க டாக்டர். எங்க வூட்டுக்காரரு மாடிப்படியில வெழுந்தப்ப சிங்கப்பூர்ல இருந்துட்டே போன் பண்ணி ஆள் வெச்சுட்டான்."

ஆஸ்பத்திரிக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் கூலிக்குப் பட்டை கட்டுகிறவர்கள் காலையிலேயே வந்து உட்கார்ந்திருப்பார்கள். துணையாள் என்று பெயர். யாருடைய வலியையும் கட்டிக்கொள்வார்கள்.

"அந்த ஆளு கட்டலுக்குப் பக்கத்துல உக்காந்து பல்லக் கடிச்சுட்டு சீரியல் பாத்தான். எங்க வூட்டுக்காரரு கடேசி வரைக்கும் அவன் பக்கமே திரும்பல. செவுத்தப் பாத்துட்டே கெடந்தாரு," என்றாள் மயிலாத்தாள். "இப்பெல்லாம் பொண்ணு குடுக்கறவங்களே கேக்கறாங்களாமா, மாப்பள ஆருக்காச்சும் பட்டை கட்டியிருக்கறாரான்னு. என்ற பையனப் பத்திக் கேட்டா நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் பதில் சொல்றது? நீ குடுத்து வெச்சவ வசந்தா."

யுகேந்திரன் சட்டைக்குள் பட்டையைக் கட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தான். அத்தனை பேரும் அவன் முகத்தையே பார்த்தார்கள்.

"தயாருங்களா?" என்றார் டாக்டர்.

"ம்," என்று கண்ணை மூடினான்.

ஊசி போடுகிற நர்ஸ் பஞ்சை வைக்கும்போதே கையை இழுத்துக்கொள்கிற ரகம் அவன். அடுத்த கணம், "அம்மா" என்று கத்திவிட்டான். கை இடப்பக்க நெஞ்சைப் பிடித்துக்கொண்டது.

"வந்துருச்சு, வந்துருச்சு. சாமி, பல்லக் கடிச்சுக்க," என்றாள் மயிலாத்தாள்.

டாக்டர் கட்டில் பக்கம் திரும்பினார். "அம்மா, இப்ப எப்படி இருக்கு?"

வசந்தாமணி மகனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் வர ஒரு விநாடி தாமதமானது.

"போயிருச்சுங்க," என்றாள். "சுத்தமா இல்லீங்க."

யுகேந்திரன் கண்ணைத் திறக்காமல் காத்திருந்தான். கத்தல்தான் முந்திக்கொண்டது, வலி பின்னால் வரும் என்று நினைத்தான். வரவில்லை. சட்டைக்குள் பட்டைக்கு அடியில் லேசாக வேர்த்தது, அவ்வளவுதான். கண்ணைத் திறந்தபோது பெரியம்மா அழுதுகொண்டிருந்தாள், சித்தப்பா அவன் தோளில் கை வைத்திருந்தார், யாரோ போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இந்தக் கூட்டத்தில், எனக்கு ஒன்றும் வலிக்கவில்லை, சும்மா கத்திவிட்டேன் என்று எப்படிச் சொல்வது?

எல்லோரும் போனபின் டாக்டரிடம் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தான். எல்லோரும் போகவில்லை. போனவர்களுக்குப் பதில் வேறு ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் கட்டிலில் கிடப்பவளை இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு ஸ்டூல் பக்கம் திரும்பினார்கள்.

"எப்படி இருக்குது தம்பி, கத்தில குத்துற மாதரயா?"

"ஆமாங்க மாமா. மூச்சு இழுத்தா."

"பெத்தவளுக்குச் செய்யாம வேற ஆருக்குச் செய்யப் போறம். ஆனா இந்தக் காலத்துல எத்தன பேரு செய்யறான்?"

அவன் ஒரு முனகல் முனகுவான். அவர்கள் கொண்டுவந்த ரொட்டியை மேசையில் வைத்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டே போவார்கள்.

அவனுக்கும் ஒரு நியாயம் தோன்றிவிட்டது. அம்மாவுக்கு வலி இல்லை என்று அம்மாவே சொல்கிறாள். எனக்கும் வலி இல்லை. வலி எங்கேயோ போய்த் தொலைந்தது. மெஷின் எப்படியோ வேலை செய்கிறது. இதில் யாருக்கு என்ன நட்டம்? வாயைத் திறந்தால் மெஷினைக் கழட்டுவார்கள், வேறொன்றை மாட்டுவார்கள், அம்மாவுக்குத்தான் கஷ்டம்.

ஆபீஸில் பட்டை லீவு கொடுத்தார்கள். மேலாளர் போனில் அழைத்து, தன் அப்பாவுக்குத் தான் கட்டவில்லை என்று சொன்னார். அன்று எடுத்த படம் குடும்பக் குழுவில் போய், அங்கிருந்து எங்கெங்கோ போயிற்று. பெரியம்மாவின் மகன், சிங்கப்பூர் பிரசன்னா மட்டும் ஒன்றும் எழுதவில்லை.

லிஃப்டில் இறங்கும்போது தாரணி கேட்டாள். "ஏங்க, நெசமாவே அவ்வளவு வலிக்குதா?"

"ஏன் கேக்கற?"

"இல்ல, நாலு இட்லி சாப்ட்டீங்க. இன்னும் ரெண்டு வைக்கட்டுமான்னு கேட்டதுக்கு வேண்டான்னுகூடச் சொல்லல."

"நீ வேண்ணா வந்து கட்டிப் பாரு. அப்பத் தெரியும்."

"கட்டறேன். குடுங்க. பொழுதோட நான் உக்காந்துக்கறேன், நீங்க வூட்டுக்குப் போய்ப் படுங்க."

"வேண்டாம்," என்றான் அவசரமாக. "என்ற அம்மாவுக்கு நான் பாத்துக்கறேன்."

தாரணி அவனைப் பார்த்தாள். லிஃப்ட் கதவு திறந்தது. இருவரும் வெளியே வந்தார்கள்.

வசந்தாமணிக்கு மூன்று பந்து போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா கொடுத்திருந்தார்கள். குழாயை வாயில் வைத்து மூச்சை இழுத்தால் பந்து மேலே ஏற வேண்டும். அவளுக்கு முதல் பந்துகூட அசையவில்லை.

"வலிதான் இல்லியேம்மா. ஏன் இழுக்க மாட்டேங்கறீங்க?" என்று டாக்டர் வரும்போதெல்லாம் கேட்டார்.

"சோம்பேறித்தனமுங்க," என்றாள் வசந்தாமணி.

"இருமவாவது செய்யறீங்களா?"

"இருமல் வரலீங்க."

"அம்மா, டாக்டர் சொல்றதக் கேளு. நான் ஒருத்தன் இங்க உக்காந்துட்டு எதுக்கு?" என்று யுகேந்திரனும் கண்டித்தான். வசந்தாமணி அவனைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். சிரிப்பை உதட்டோடு நிறுத்திக்கொண்டாள், கீழே இறங்க விடவில்லை.

பிறகு காய்ச்சல் வந்தது. மூக்கில் ஆக்சிஜன் குழாய் வந்தது. காலையில் எடுத்த எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு டாக்டர் நஸ்ரின் நேராக அறைக்கு வந்தார். தாரணி வசந்தாமணியின் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். யுகேந்திரன் ஸ்டூலில் இருந்தான்.

"அம்மா, ஒருதரம் இருமுங்க."

வசந்தாமணி இருமினாள். அதை இருமல் என்று சொல்ல முடியாது. தொண்டையைச் செருமினது போல இருந்தது. யுகேந்திரன், "ஸ்ஸ் ஆ" என்று நெஞ்சைப் பிடித்தான்.

டாக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "பட்டையக் கழட்டிக் குடுங்க. நான் கட்டிப் பாக்கறேன்."

"உங்களுக்கு எதுக்குங்க டாக்டர் இந்தச் சித்திரவதை?"

"குடுங்க."

வாங்கிப் போய்த் தடுப்புத் திரைக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார். கட்டிலின் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வரப்போவதற்குத் தயாராகக் காலை அகட்டி நின்றார். "இப்ப இருமுங்கம்மா. நல்லா."

"வேண்டாங்க."

"இருமுங்க."

இந்தத் தடவை வசந்தாமணி இருமினாள். உடம்பு முழுக்கச் சுருண்டது. கடைக்கண்ணில் நீர் வழிந்து காதுக்குள் போயிற்று. டாக்டர், அடைத்த கதவுக்கு அந்தப் பக்கம் ஏதாவது சத்தம் வருகிறதா என்று கேட்பவர் போல நின்றிருந்தார். பிறகு கம்பியிலிருந்து கையை எடுத்தார்.

"எனக்கு எதுவும் வரல," என்றார்.

"இப்ப... கொஞ்சம் முன்னாடி வந்துச்சுங்க," என்றான் யுகேந்திரன். "சில நேரம் வரும். சில நேரம்..."

டாக்டர் கட்டில் பக்கம் குனிந்தார். வசந்தாமணியின் மூடிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். பிடி உள்ளே வேர்வையில் நனைந்து கிடந்தது.

"அம்மா, இத நீங்க அமுக்கவே இல்லியா?"

வசந்தாமணி கண்ணை மூடிக்கொண்டாள்.

"எப்ப இருந்து?"

"மொதல்ல இருந்துதானுங்க."

யுகேந்திரன் தன் கையைப் பார்த்தான். அது இன்னும் நெஞ்சின் மேலேயே இருந்தது. எடுக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. தாரணி துடைத்துக்கொண்டிருந்த துணியை மறுபடி மறுபடி மடித்தாள்.

"அஞ்சு எலும்பும் ஒடஞ்சு, ஒரு மருந்தும் இல்லாம, இத்தன நாளா வலி இல்லீன்னு எங்கிட்டச் சொல்லிட்டிருந்தீங்களா? ஏம்மா?" டாக்டரின் குரல் கோபமாகத்தான் ஆரம்பித்தது. முடியும்போது கோபம் இல்லை. "நான் ஒரு தடவ சோதிச்சிருக்கணும். இவரு மூஞ்சியப் பாத்தே முடிவு பண்ணிட்டேன். நல்ல பையன்னு நர்ஸுங்ககிட்ட வேற சொன்னேன்."

"அவனச் சொல்லாதீங்க டாக்டர்," என்றாள் வசந்தாமணி.

"அம்மா," என்றான் யுகேந்திரன்.

வசந்தாமணி மூச்சுக்கு மூச்சு நிறுத்திப் பேசினாள். கூரையைப் பார்த்துத்தான் பேசினாள். "அமுக்கலாம்னுதான் கண்ணு இருந்தேன். கட்டை வெரல வெச்சிட்டேன். அதுக்குள்ள நீ கத்துன. அக்கா அழுகறா. நான் என்ன பண்ணட்டும். இல்லீன்னு சொன்னா... அத்தன பேர் முன்னால உனக்குக் கேவலம். அமுக்குனா... உனக்கு நெசமாலுமே வலி. ரெண்டும் வேண்டாம்னு கம்முனு இருந்துட்டேன்."

"தனியா இருந்தப்பச் சொல்லியிருக்கலாம்லம்மா."

"சொல்லியிருக்கலாம்." சிறிது நேரம் மூச்சு வாங்கினாள். "நீயும் சொல்லியிருக்கலாம்."

யுகேந்திரன் நெஞ்சிலிருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"இன்னொண்ணும் இருக்குது," என்றாள் வசந்தாமணி. "அக்கா அல்லார்கிட்டயும் உன்னையப் பத்திச் சொல்லிச் சொல்லி மாஞ்சு போனா. சின்ன வயசுல இருந்து அவ ஊடு பெருசு, அவ புள்ள பெருசுன்னுதான் கேட்டுட்டு இருந்திருக்கறேன். இந்த ஒருக்கா... கேக்க நல்லா இருந்துச்சு. பொய்யின்னு தெரிஞ்சும் நல்லாத்தான் இருந்துச்சு. அதுக்கு நான் இந்த வலியப் பொறுத்தாத் தகும்னு தோணுச்சு."

இதைச் சொல்லும்போது அவள் முகம் சிவந்துவிட்டது. காய்ச்சலால் சிவந்ததல்ல. தாரணி முகத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தாள்.

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். "தோ பாருங்க. வலது நுரையீரல் அடிப்பாகம் மூடிக்கிச்சு. இன்னிக்கு நல்லா மூச்ச இழுத்து, இருமி, சளிய வெளிய எடுத்தாத் தப்பிக்கலாம். இல்லீன்னா ராத்திரிக்குள்ள தொண்டையில குழாய் விட்டு மெஷின்ல போடணும். இவங்க இருதயத்துக்கு அதுல இருந்து திரும்ப வருவாங்கன்னு என்னால சொல்ல முடியாது. எதுத்தாப்பல துணையாள் இருக்காங்க. கூப்பிடட்டுமா?"

"கூலிக்கு வேண்டாங்க," என்றாள் வசந்தாமணி உடனே. "அக்கா வந்து பாத்தா?"

"மூச்சு நின்னுபோச்சுன்னா அக்கா வந்து எதப் பாப்பாங்க?"

"குடுங்க," என்று யுகேந்திரன் கையை நீட்டினான். "நான் கட்டிக்கறேன்."

"இப்ப நிஜமா வரும்."

"தெரியுங்க."

"தெரியாது," என்றார் டாக்டர். இருந்தாலும் கழட்டிக் கொடுத்தார்.

யுகேந்திரன் பழையபடி சட்டைக்குள் கட்டிக்கொண்டான். பச்சை விளக்கு எரிந்தது, இத்தனை நாளும் எரிந்தது போலவே. "அமுக்கும்மா."

வசந்தாமணியின் விரல் அசையவில்லை. "நான் பொறுத்துக்கறேன். இத்தன நாள் பொறுத்தாச்சு. இன்னிக்கு ஒரு நாள். நான் இருமிக்கறேன் டாக்டர், நல்லா இருமிக்கறேன்."

"உங்களால முடியாதும்மா. இப்பத்தான பாத்தோம்."

"என்ற பையன் தாங்க மாட்டானுங்க. உங்களுக்குத் தெரியாது. ஊசிக்கே..." சொல்ல ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். சொன்னவரைக்கும் எல்லோருக்கும் கேட்டுவிட்டது.

தாரணி கட்டிலுக்கு அந்தப் பக்கம் வந்து குனிந்தாள். மெதுவாகத்தான் பேசினாள். "அத்தை, நீங்க அமுக்காம விட்டுப் போயிட்டீங்கன்னா, இவரு ஆயுசுக்கும் தலைய நிமித்தி என்னையப் பாக்க மாட்டாருங்க. நானும் பாக்க மாட்டேன். அது உங்களுக்கு வேணுமா?"

வசந்தாமணி மருமகளைப் பார்த்தாள். பிறகு மகனைப் பார்த்தாள்.

அமுக்கினாள்.

கத்துவதற்கு ஒரு மூச்சு வேண்டும். அதுதான் முதலில் போயிற்று. வலப் பக்கம், தோள்பட்டை எலும்புக்குக் கீழே, யாரோ கதவை இடித்துத் திறந்தது போல வந்து, வந்த இடத்திலேயே நின்றுகொண்டது. இத்தனை நாளும் அவன் பிடித்துக்கொண்டிருந்தது இடப் பக்கம். வந்துபோன ஒருவரும் அதைக் கேட்கவில்லை. அம்மா மட்டும் தினமும் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள். யுகேந்திரன் ஸ்டூலின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தான். சின்னச் சின்னதாக, நுனி மூச்சாக விட்டால் தாங்க முடிந்தது. அம்மா இத்தனை நாளும் எப்படி மூச்சு விட்டாள் என்பது இப்போது தெரிந்தது. சோம்பேறித்தனம் என்று சொன்னதும் ஞாபகம் வந்தது.

"அம்மா, இப்ப?" என்றார் டாக்டர்.

வசந்தாமணியின் நெஞ்சு ஏறி இறங்குவதை மூவருமே பார்த்தார்கள். தொண்டை அடைக்கும்வரை மூச்சை இழுத்து, அதை வெளியே விட மனமில்லாதவள் போலச் சற்று வைத்திருந்துவிட்டு விட்டாள். வலி இல்லாதவளின் மூச்சு இப்படித்தான் இருக்கும் என்று டாக்டர் ஒருமுறை நினைத்துப் பார்த்திருந்தால் அவள் பொய் அன்றே தெரிந்திருக்கும்.

"இருமுங்க."

இருமினாள். யுகேந்திரன் தலை முழங்காலுக்குப் போயிற்று. சத்தம் வரவில்லை.

"கண்ணு."

அவன் கையை மட்டும் அசைத்தான். இன்னும், என்று.

மறுபடி இருமினாள். மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ பழுப்பும் ரத்தமுமாகச் சளி வந்தது. தாரணி கிண்ணத்தில் பிடித்தாள். டாக்டர் அதை எட்டிப் பார்த்து, "இதான், இதான் வேணும்," என்றார். "பொழுதுக்கும் இப்படியே செய்யணும். நடுவுல பந்து இழுக்கணும். பொத்தான இஷ்டத்துக்கு நிறுத்தாதீங்கம்மா, பாதியில விட்டா மறுபடி மூடிக்கும்." அவர் கிளம்பும்போது யுகேந்திரனின் தோளைத் தொடப் போய், தொடாமல் கையை எடுத்துக்கொண்டார். மருந்துச் சீட்டோடு தாரணியும் கீழே போனாள்.

பார்வை நேரம் ஆரம்பித்ததும் மயிலாத்தாள் வந்துவிட்டாள். தூக்குப்போசியை மேசையில் வைத்தாள். "கொள்ளு ரசம் வெச்சேன். சளிக்கு நல்லதுன்னு... என்ன வசந்தா, மூஞ்சி தெளிஞ்சிருக்குது? ஏஞ் சாமி, உன்ற சத்தத்தையே காணம்? நேத்தெல்லாம் லிஃப்ட்டுல இருந்து எறங்கறப்பவே கேட்டுச்சு. மெஷினக் கழட்டிட்டாங்களா?"

யுகேந்திரன் நிமிர்ந்தான். பதில் சொல்ல வேண்டுமானால் மூச்சை இழுக்க வேண்டும்.

வசந்தாமணி அக்காவைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள். அவன் நெற்றியில் வேர்வை கோத்திருந்தது. உதடு வெளுத்திருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். இதோ பாருக்கா, இப்பத்தான் என்ற பையன் நெசமாலுமே கட்டியிருக்கறான் என்று. சொன்னால் அடுத்த கேள்வி வரும். அப்படின்னா நேத்து?

"லீவுக்கா," என்றாள். "எனக்கு வலி கொறஞ்சிருக்குதுன்னு இன்னிக்கு ஒரு நாளைக்கு மெஷினுக்கு லீவு. அவனும் எத்தன நாளைக்குத்தான் தாங்குவான்."

"அதுஞ் செரிதான். தெம்பு வரட்டும். இல்லியா சாமி?"

யுகேந்திரன் தலையை ஆட்டினான். ஆட்டியதும் வலித்தது.

"நல்ல வேளை, வலி இல்லாத நாளா வந்தேன். நீ துடிக்கறதப் பாத்தா எனக்குச் சோறே எறங்கறதில்ல," என்று மயிலாத்தாள் சுற்றிப் பார்த்தாள். "உக்கார ஒண்ணும் இல்லியா இங்க? லிஃப்ட்டு ரிப்பேரு, படியேறி வந்து முட்டி கழண்டு போச்சு. சும்மாதான இருக்கற, எந்திரிச்சு அந்தச் சேரை எடுத்துப் போடு சாமி."

சேர் ஜன்னலோரம் கிடந்தது, மேலே துணிப்பையும் ஒரு தண்ணீர்க் குடுவையும். யுகேந்திரன் எழுந்தான். எழுந்து நின்றதும் ஒரு கணம் சுவர் தள்ளிப் போய் வந்தது. வசந்தாமணியின் கட்டை விரல் பொத்தான் மேல் போனதை அவன் பார்த்தான். வேண்டாம் என்று தலையை அசைத்தான். பிறகு கண்ணால் மேசை மேலிருந்த பந்து டப்பாவைக் காட்டினான்.

அவள் விரலை எடுத்தாள். டப்பாவை எடுத்து மடியில் வைத்து, குழாயை வாயில் வைத்துக்கொண்டு, அவன் பக்கம் பார்க்காமல் மூச்சை இழுத்தாள்.

அவன் அப்போதுதான் சேரைத் தூக்கியிருந்தான். கீழே வைக்கவில்லை. ஜன்னல் கம்பியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு, பின்னால் பந்து ஏறுகிற சத்தமும் நிற்கிற சத்தமும் கேட்டு, அது டக்கென்று கீழே விழும்வரை நின்றான்.

"அட, ஏறுது பாரு. ரெண்டு பந்து ஏறிருச்சு," என்றாள் மயிலாத்தாள். "ஜன்னல்ல என்ன சாமி வேடிக்கை? இங்க பாரு, உங்கம்மாவ."

அவன் சேரைக் கொண்டுவந்து கட்டிலருகே போட்டான்.

"இன்னுங் கொஞ்சம் கிட்டப் போடு."

கிட்டப் போட்டான். மயிலாத்தாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, தங்கையின் கையைத் தட்டிக் கொடுத்தாள்.

"இன்னொருக்கா இழு வசந்தா. நல்லா ஆழமா இழு. பையனும் பாக்கட்டும்."